ஜாஸ் கலைஞர்களின் பேட்டிகள்: எதிலிருந்து தொடங்குவது, எதைக் காதில் வாங்குவது

கேள்வி: கொஞ்ச நாளாக ஜாஸ் கேட்டு வருகிறேன். அந்தக் கலைஞர்கள் தங்கள் தொழிலைப் பற்றியும் படைப்பைப் பற்றியும் பேசிய பேட்டிகளைப் படிக்க ஆசை. எங்கே தொடங்கலாம்? இசையைக் கேட்டால் போதாதா, பேச்சில் அப்படி என்ன கிடைத்துவிடும்?

பதில்:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இசை மட்டும் போதும் என்றுதான் நானும் பல வருஷம் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஓர் ஒலிப்பதிவு. 1958 ஜூனில் பால்டிமோரில் ஆகஸ்ட் ப்ளூம் என்ற ஜாஸ் ரசிகரின் வீட்டில் உட்கார்ந்து சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் நிதானமாகப் பேசிய பேச்சு அது. முந்தைய ஆண்டு பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கிடம் எப்படிப் பாடம் கேட்டார் என்பதை அதில் சொல்கிறார்.

கோல்ட்ரேன் மங்க்கின் வீட்டுக்குப் போவார். சில நாள் மங்க் இன்னும் படுக்கையிலேயே இருப்பார். இவர்தான் எழுப்ப வேண்டியிருக்கும். எழுந்தவர் பியானோவுக்குப் போய் உட்கார்ந்து ஏதோ ஒன்றை வாசிக்கத் தொடங்குவார். இவர் சாக்ஸஃபோனை எடுத்துக்கொண்டு, அங்கே என்ன வாசிக்கப்படுகிறது என்று தேடுவார். மங்க் அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார். கடினமான இடம் வந்தால் நிறுத்தி அந்த இடத்தை மட்டும் காட்டுவார். ரொம்பத் திணறினால்தான் எழுதி வைத்த தாள்களை வெளியே எடுப்பார். தாளைப் பார்க்காமல் கற்றால்தான் பாட்டு உள்ளே இறங்கும் என்பது மங்க்கின் எண்ணம். பாட்டு ஏறக்குறைய பிடிபட்டதும் இவரை அதோடு தனியே விட்டுவிட்டு அவர் கடைக்கோ, மறுபடி தூங்கவோ போய்விடுவார். இவர் அங்கேயே நின்று வாசித்து வாசித்துப் பழகி, சரியாக வந்த பிறகு கூப்பிடுவார். பிறகு இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள். சில சமயம் ஒரு நாள் முழுக்க ஒரே பாட்டுதான்.

குருவிடம் நேரில் கேட்டுக் கற்பதை நம் ஊரில் பாடாந்தரம் என்று சொல்வோமே, அதற்கு எவ்வளவு கிட்டே வருகிறது பாருங்கள். நியூயார்க்கில், எந்தப் பள்ளிக்கூடமும் இல்லாமல், தூக்கக் கலக்கத்தோடு ஒரு மேதை நடத்திய வகுப்பு அது. இதைச் சொல்ல கோல்ட்ரேன் வாய் திறந்திருக்காவிட்டால் நமக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இசைத்தட்டில் கேட்பது முடிந்த வேலை. அந்த வேலை எப்படி நடந்தது என்பது பேச்சில்தான் இருக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. பல வருஷம் கேட்டதில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்திருக்கிறது. பேட்டி எடுப்பவர் தானும் ஒரு வித்வானாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேசுகிறவர் கைக்கெட்டும் தூரத்தில் வாத்தியம் இருக்க வேண்டும். இரண்டும் அமைந்துவிட்டால் அந்தப் பேட்டியை விடாதீர்கள். "உங்களுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் நூறு முறை சொன்ன பதிலையே நூற்றோராவது முறையும் சொல்வார்கள். "அந்த இடத்தை எந்த விரலால் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும்.

இரண்டும் அமைந்த ஒரு பதிவு 1966-ல் எடுத்தது. பியானோ கலைஞர் பில் எவன்ஸும் அவருடைய அண்ணன் ஹாரி எவன்ஸும் பேசும் முக்கால் மணி நேரப் படம். ஹாரி லூசியானாவில் இசை ஆசிரியர். தம்பி பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் கேட்கிறார், மறுக்கிறார், விடாமல் மறுபடி கேட்கிறார். உலகமே கொண்டாடும் கலைஞரிடம் வேறு யாரும் இப்படி வாதாட முடியாது. அண்ணனுக்கு அந்த உரிமை இருக்கிறது.

அதில் பில் சொல்லும் முக்கியமான விஷயம் இது. மனோதர்மம், அதாவது அந்தந்த நொடியில் கற்பனை செய்து வாசிப்பது, கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய கலைஞரின் முடிந்த வாசிப்பைக் கேட்டுவிட்டு, முழுவதையும் ஒரே மூச்சில் தோராயமாகப் பிடிக்கப் பார்க்கிறார்கள். மேலுக்குப் பார்த்தால் அது போலவே இருக்கும். ஆனால் எந்த இடத்திலும் தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. அந்தக் குழப்பத்தின் மேல் எதையும் கட்ட முடியாது. அதைவிட, மிக எளிய ஒன்றை எடுத்து, அதை முழுக்க உண்மையாக, ஒவ்வொரு ஸ்வரமும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்து வாசித்தால், அது சின்னதாக இருந்தாலும் அதன் மேல் அடுத்த கல்லை வைக்கலாம். இதைச் சொல்வதோடு நிற்காமல் ஒரே பாட்டை இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டுகிறார். முதலில் விரல்கள் எங்கெங்கோ ஓடும் தோராய வாசிப்பு. அடுத்தது எளிமையான, ஆனால் நேர்மையான வாசிப்பு. முதல் வாசிப்பும் காதுக்கு இனிமையாகவே இருப்பதுதான் பயமாக இருக்கிறது. அவர் சொல்லியிருக்காவிட்டால் அதையே நல்ல வாசிப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பேன்.

நான் கீபோர்டு கொஞ்சம் வாசிப்பேன். அதைப் பார்த்த அன்று ராத்திரி, பத்து வருஷமாக வாசித்து வந்த ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்து, மெட்டையும் கீழே ஒரே ஒரு ஸ்வரத்தையும் மட்டும் வைத்து வாசிக்கப் பார்த்தேன். சரணத்தின் மூன்றாவது வரியில் கை நின்றுவிட்டது. அந்த வரி எனக்குத் தெரியவே தெரியாது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். இத்தனை நாள் இடது கையின் சத்தத்தில் அது மறைந்திருந்தது.

அதே எவன்ஸ் 1978 நவம்பரில் மேரியன் மக்பார்ட்லண்டின் வானொலி நிகழ்ச்சிக்கான பதிவுக்கு வந்தார். மக்பார்ட்லண்ட் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பெயர் வாங்கிய பியானோ கலைஞர். அவர் நடத்திய அந்த நிகழ்ச்சி 1979-ல் அமெரிக்கப் பொது வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடியது. ஏற்பாடு எளிமையானது: விருந்தினர் பேசுவார், வாசிப்பார், இவரும் கூட வாசிப்பார். எவன்ஸ் எந்தப் பாட்டை வாசித்தாலும் அடியில் ஒரு எலும்புக்கூடு மாதிரியான அமைப்பைத் தான் மனசில் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லி அதைத் தனியே வாசித்துக் காட்டுவார். அதன் மேல் தாளத்தைத் தள்ளி வைத்து வாக்கியங்களை அமைப்பதையும் செய்து காட்டுவார். தாளம் தெரிந்த நம் ஆட்களுக்கு அந்த இடம் பெரிய விருந்து. அந்த நிகழ்ச்சிக்காக முதலில் பதிவு செய்யப்பட்டவர் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ். 1954-ல் பாரிஸில் வாசிப்பை நிறுத்திவிட்டு மூன்று ஆண்டுகள் ஒதுங்கியிருந்து திரும்பியவர் அவர். அதையும் கேளுங்கள்.

1954-ல் பாஸ்டன் வானொலியில் பதிவான ஒரு பேச்சு உண்டு. பேசியவர் சார்லி பார்க்கர், கேட்டவர்களில் ஒருவர் பால் டெஸ்மண்ட். இருவரும் ஆல்டோ சாக்ஸஃபோன் வாசிப்பவர்கள். டெஸ்மண்டுக்கு பார்க்கர் மேல் அளவுகடந்த மரியாதை. இந்த அசாத்தியமான கைவேகம் எப்படி வந்தது, சாதகத்தாலா, வாசிக்க வாசிக்கத் தானாகவா என்று கேட்கிறார். அதில் அசாத்தியம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை என்கிறார் பார்க்கர். பிறகு மெதுவாகச் சொல்கிறார்: மூன்று நான்கு வருஷம், ஒரு நாளைக்கு 11 முதல் 15 மணி நேரம் வரை வாசித்திருக்கிறார். சத்தம் தாங்காத அக்கம்பக்கத்தார் ஒருமுறை அவருடைய அம்மாவிடம் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போவதாக மிரட்டினார்களாம். டெஸ்மண்டின் குரலில் அப்போது ஒரு நிம்மதி தெரிகிறது. பிறக்கும்போதே இப்படிப் பிறந்துவிட்டீர்கள் என்று நினைத்திருந்தேன், இதைக் கேட்டதில் ஆறுதல் என்கிறார். அடுத்த ஆண்டு மார்ச்சில் பார்க்கர் இறந்துபோனார், வயது 34.

அக்கம்பக்கம் என்றதும் சாக்ஸஃபோன் கலைஞர் சானி ராலின்ஸ் நினைவுக்கு வருகிறார். புகழின் உச்சியில் இருந்தபோது, 1959-ல், மேடையை விட்டு விலகி 1961 வரை நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் தனியே நின்று சாதகம் செய்தார். இதை ஒரு புராணக்கதை ஆக்கிவிட்டார்கள். அவர் பேட்டிகளில் சொன்ன காரணங்கள் மிகவும் மனிதத்தன்மை கொண்டவை. தனக்குக் கிடைத்த பெயருக்குத் தன் வாசிப்பு ஈடாகவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பாலத்துக்குப் போனதற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பெண் கர்ப்பமாக இருந்தது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று மணிக்கணக்கில் சாக்ஸஃபோன் ஊத அவருக்கு மனசு வரவில்லை.

அடுத்து ஆர்ட் டெய்லர். கோல்ட்ரேனின் 1959 பதிவுகளில் டிரம்ஸ் வாசித்தவர், பிறகு ஐரோப்பாவில் குடியேறியவர். 1968 முதல் சில ஆண்டுகள் ஒரு டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு சக கலைஞர்களிடம் பேசினார்: மைல்ஸ் டேவிஸ், டிஸ்ஸி கில்லெஸ்பி, நீனா சிமோன், மேக்ஸ் ரோச், ராலின்ஸ், இன்னும் பலர். 1977-ல் பெல்ஜியத்தில் தன் செலவிலேயே புத்தகமாகப் போட்டார். இதில் வாத்தியம் பக்கத்தில் இல்லை, ஆனால் கேட்பவரே வாத்தியக்காரர். ஒரே மாதிரியான கேள்விகளைப் பலரிடமும் கேட்பார். பியானோ கலைஞர் பட் பவலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், விமர்சகர்கள் எப்படி, 'ஜாஸ்' என்ற சொல் உங்களுக்குச் சம்மதமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களுக்காகவே அந்தப் புத்தகத்தை வாங்கலாம். மேக்ஸ் ரோச்சுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் இருட்டான சின்னச் சின்ன இடங்களும் மிக மோசமான சம்பளமும்தான் கண்முன் வந்தன. வெளியாள் ஒருவரிடம் இதை இவ்வளவு பச்சையாகச் சொல்லியிருப்பாரா? சந்தேகம்தான். கூட உட்கார்ந்து அதே குறைந்த சம்பளத்தை வாங்கியவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

தொழில் வாழ்க்கை என்று கேட்டீர்களே, இந்தப் பணப் பேச்சையும் போலீஸ் பேச்சையும் தாண்டிப் போகாதீர்கள். நியூயார்க்கில் மது விற்கும் கிளப்புகளில் வாசிக்க 1967 வரை 'காபரே கார்டு' என்ற அனுமதி அட்டை வேண்டும். கொடுப்பது போலீஸ், பிடுங்குவதும் போலீஸ். மங்க்கின் அட்டை 1951-ல் பறிபோனது. அடுத்த ஆறு ஆண்டுகள் சொந்த ஊரின் கிளப்புகளில் அவர் வாசிக்க முடியவில்லை. 1957-ல் அட்டை திரும்பக் கிடைத்து, ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன கிளப்பில் கோல்ட்ரேனோடு மாதக்கணக்கில் வாசித்தார். நான் மேலே சொன்ன வகுப்புகள் நடந்ததும் அதே ஆண்டுதான். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கதையை மறுபடி படித்துப் பாருங்கள். ஆறு வருஷம் கிளப் வாசல்கள் அடைபட்டுக் கிடந்த ஒருவரின் வீடு அது.

மங்க்கின் தோழி பனோனிகா என்ற சீமாட்டி 1960-களில் ஒரு விசித்திரமான வேலை செய்தார். சுமார் 300 கலைஞர்களிடம் ஒரே கேள்வி கேட்டார்: உங்கள் மூன்று ஆசைகள் என்ன? பதில்களைக் குறித்து வைத்தார். அவர் இறந்த பிறகு, 2006-ல்தான் அவை புத்தகமாயின. கோல்ட்ரேனின் முதல் ஆசை, தன் இசையில் வற்றாத புதுமை வேண்டும் என்பது. இப்போது பழசாகிக் கிடக்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்கிறார். உலகம் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது. மங்க்கின் மூன்றாவது ஆசை, உன்னைப் போல ஒரு கிறுக்குத் தோழி வேண்டும் என்பது. கேட்டவர் நெருங்கியவராக இருந்தால் ஒரே கேள்வியில் இவ்வளவு வந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் முன்னோடி 1938-ல் நடந்தது. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அரங்கில், நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், ஜாஸின் ஆரம்பகாலக் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனைப் பியானோ முன்னால் உட்கார வைத்துப் பேசச் சொன்னார். மார்ட்டனின் காலம் அப்போது முடிந்துபோயிருந்தது. வாஷிங்டனில் ஒரு சின்ன கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார். மே மாதம் தொடங்கிய பேச்சு எட்டு மணி நேரத்துக்கும் மேல் பதிவாகியிருக்கிறது. கதை சொல்லும்போதும் விரல்கள் பியானோவில் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். ராக்டைம் என்ற, ஜாஸுக்கு முந்தைய பியானோ இசையில் பெயர் வாங்கிய ஸ்காட் ஜாப்ளினின் ஒரு பாட்டை மிசூரிக்காரர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று காட்டிவிட்டு, அதையே நியூ ஆர்லியன்ஸ் நடையில் தான் எப்படி மாற்றினேன் என்று வாசிப்பார். ராக்டைம் ஜாஸாக மாறும் இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறு பதிவு எனக்குத் தெரியாது.

ஆனால் மார்ட்டனைக் கேட்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். 1902-ல் ஜாஸைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பார். பிறந்த ஆண்டு 1885 என்பார். ஞானஸ்நானப் பதிவேடோ 1890 என்கிறது. லூயி ஆம்ஸ்ட்ராங்கும் தான் 1900 ஜூலை 4-ல் பிறந்ததாகவே சொல்லி வந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் இருப்பது 1901 ஆகஸ்ட் 4. இவர்கள் வாயால் சொன்ன தேதிகளை நம்பி எதையும் எழுதிவிடாதீர்கள். கைகள் சொல்வதை நம்பலாம். பியானோவில் அமர்ந்து வாசித்துக் காட்டும்போது மார்ட்டன் பொய் சொல்ல முடியாது.

ஆவணக் காப்பகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூ ஆர்லியன்ஸில் டுலேன் பல்கலைக்கழகம் 1958-ல் பழைய கலைஞர்களின் நினைவுகளைப் பதிவு செய்யத் தொடங்கியது. பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் ஸ்மித்சோனியன் என்ற அருங்காட்சியக நிறுவனமும் அந்த வேலையைச் செய்திருக்கின்றன. பல பேட்டிகளின் எழுத்துப்படி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மணிக்கணக்கில் நீளும், சலிப்பு தட்டும் பக்கங்களும் உண்டு. ஆனாலும் முதல் தலைமுறை நியூ ஆர்லியன்ஸ் கலைஞர்களின் வாழ்க்கையை அறிய வேறு வழி இல்லை. ஆம்ஸ்ட்ராங்கோடு பான்ஜோ வாசித்த ஜானி செயின்ட் சிர் சுவர்ப் பூச்சு வேலை பார்த்தவர். கிளாரினெட் ஜார்ஜ் லூயிஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பகலில் ஒரு தொழில், ராத்திரி வாத்தியம். நம் ஊர் மேளக்காரர்கள், பேண்டு வாத்தியக்காரர்கள் பலரின் கதையும் இதுதானே.

என் விதிக்கு ஒரு விலக்கும் உண்டு, சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. 1966 ஆகஸ்டில் ஃபிராங்க் கோஃப்ஸ்கி என்ற எழுத்தாளர் லாங் ஐலண்டில் கோல்ட்ரேனைச் சந்தித்தார். கோல்ட்ரேனே ரயிலடிக்கு வந்து அழைத்துப் போய், கடைகளுக்கு வெளியே காரை நிறுத்தி, காருக்குள்ளேயே பேசினார். வாத்தியம் இல்லை; கேட்டவர் வித்வானும் இல்லை. கோஃப்ஸ்கிக்கு அரசியல் பதில்கள் வேண்டும். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸைப் பற்றி, வியட்நாம் போரைப் பற்றி, கறுப்பின மக்களின் இசை பற்றித் திரும்பத் திரும்பத் தூண்டுகிறார். கோல்ட்ரேன் எதையும் மறுப்பதில்லை, எதிலும் மாட்டிக்கொள்வதும் இல்லை. உலகத்தில் தீய சக்திகள் இருக்கின்றன, நான் அதற்கு நேர் எதிரான, உண்மையான நன்மையின் சக்தியாக இருக்க விரும்புகிறேன் என்று சொல்கிறார். அடுத்த ஜூலையில் நாற்பது வயதில் அவர் இறந்துவிட்டார். கேள்வி கேட்டவரின் அவசரமும் பதில் சொன்னவரின் நிதானமும் சேர்ந்துதான் அந்தப் பேட்டி இப்படி அமைந்தது.

நமக்குப் பக்கத்துச் சரடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ், கணவர் போன துக்கத்தில் குருவாக ஏற்றுக்கொண்ட சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1971-ல் வெளியான ஆலிஸின் புகழ்பெற்ற இசைத்தட்டுக்கு அவர் பெயரே தலைப்பு. இன்றைய கலைஞர்களில், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரின் பேட்டிகளைத் தேடிப் படியுங்கள். சின்ன வயதில் வயலின் முறையாகக் கற்றவர், பியானோவைத் தானே தட்டிக் கற்றுக்கொண்டவர், இயற்பியல் படித்துவிட்டு இசைக்கு வந்தவர், 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். 'ஜாஸ்' என்ற சொல்லோடு அவருக்கும் ஒட்டுதல் குறைவு. ஆர்ட் டெய்லரின் கேள்வி இன்னும் பதில் கேட்டு நிற்கிறது என்று அவரைப் படிக்கும்போது தோன்றும். ராணிப்பேட்டையில் பிறந்த கிட்டார் பிரசன்னாவோடு அவர் 2011-ல் செய்த ஆல்பத்தையும் கூடவே கேட்கலாம்.

வரிசை கேட்டீர்கள். முதலில் எவன்ஸ் சகோதரர்களின் படம், பக்கத்தில் ஏதாவது ஒரு வாத்தியத்தை வைத்துக்கொண்டு. அடுத்து பார்க்கர், டெஸ்மண்ட்; சில நிமிஷங்கள்தான். மக்பார்ட்லண்ட் நிகழ்ச்சிகளை வாரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். டெய்லரின் புத்தகத்தை எந்தப் பக்கத்திலும் திறக்கலாம். மார்ட்டனுக்கு நீண்ட விடுமுறை நாள் வேண்டும்.

பால்டிமோர் பேச்சை ஒரு ராத்திரி தனியே கேளுங்கள். மங்க்கிடம் போனது எப்படி என்பதையும் அதில் கோல்ட்ரேன் சொல்கிறார். 'மங்க்ஸ் மூட்' என்ற பாட்டை அவரோடு சேர்ந்து ஏற்கெனவே பதிவு செய்திருந்தார். அது ரொம்பப் பிடித்துப்போய், கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வா என்றிருக்கிறார் மங்க். 1957 நவம்பரில் இருவரும் கார்னகி ஹாலில் வாசித்தார்கள். அந்த ஒலிநாடா 2005-ல்தான், மார்ட்டன் பேசிய அதே நாடாளுமன்ற நூலகத்தின் அலமாரியிலிருந்து கண்டெடுக்கப்பட்டு இசைத்தட்டாக வந்தது. பேச்சைக் கேட்டு முடித்த கையோடு அதைப் போடுங்கள். முதல் பாட்டு 'மங்க்ஸ் மூட்'.